தட்டை மாற்றச் சொன்னவன்

சாப்பாட்டில் குறை சொல்வதற்குப் படிப்பு தேவையில்லை. எங்கள் குடும்பத்தில் நான் தலையெடுக்கும்வரை எல்லோரும் படிக்காமலேயே அதைச் செய்துவந்தார்கள். குழம்பில் உப்புக் கூடிவிட்டால், "இன்னா, கடல மொண்டாந்து ஊத்திட்டியா?" என்று ஒரு சத்தம். பதிலுக்கு அடுப்பங்கரையிலிருந்து அதைவிடப் பெரிய சத்தம். அதோடு முடிந்தது. யாருக்கும் எந்தக் குழப்பமும் வந்ததில்லை.

குழப்பத்தைக் கொண்டுவந்தவன் நான். எங்கள் வம்சத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் ஆள். வாத்தியார் பயிற்சியும் முடித்து, செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தேன். அது ஐம்பதுகள், நாலு பேர் கூடினால் ஒருவராவது மேடைத் தமிழில் பேசுவார். எங்கள் வீட்டில் அந்த ஒருவர் நான். "அருந்துவதற்குச் சிறிது நீர் கிடைக்குமா?" என்றுதான் கேட்பேன். (பெரும்பாலும் கிடைக்காது.) குறை சொல்வதற்கும் ஒரு முறை வைத்திருந்தேன். முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். அப்புறம் சுற்றி வளைக்க வேண்டும். கடைசியில், மனதைப் புண்படுத்தக்கூடிய சொல்லை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொல்லி, மிச்சத்தைத் தெளிவாக முடிக்க வேண்டும். இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. சொந்தக் கண்டுபிடிப்பு.

அப்பா இல்லாததால் எனக்குப் பெண் பார்க்கும் பொறுப்பு பெரியப்பாவின் தலையில் விழுந்தது. அவர் பெண்ணைப் பார்ப்பதே இல்லை, பலகாரத்தைத்தான் பார்ப்பார். ஒரு வீட்டில் காபி ஆறியிருந்தது என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். இன்னொரு வீட்டில் வடையில் முடி. அந்த முடியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஊரையே கூப்பிட்டுக் காட்டிவிட்டு வந்தார்.

அடுத்த வீடு மகாபலிபுரத்துக்குப் போகிற வழியில், உப்பங்கழி ஓரத்து ஊர். திருக்கழுக்குன்றம் வரைக்கும் பஸ், அங்கிருந்து அவர்கள் அனுப்பிய மாட்டு வண்டி. வண்டியில் பெரியப்பா எனக்குச் சொன்ன புத்தி இவ்வளவுதான்:

"தோ பாரு, அங்க வந்து உன் பள்ளிக்கூடத்துப் பேச்செல்லாம் பேசாத. வாய மூடிக்கினு குந்து. புடிச்சிருக்கு, புடிக்கலன்றத நான் சொல்றேன்."

பெண்ணின் பெயர் கன்னியம்மா. பலகாரத் தட்டை அவளே கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். நிமிர்ந்து ஒரே ஒரு பார்வை. வெட்கப்படுகிற பார்வை இல்லை. ஏதோ எச்சரிக்கிற மாதிரி. எதை எச்சரித்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் இந்தப் பெண்ணைத் தவிர வேறு யாரையும் கட்டிக்கொள்வதில்லை என்பது மட்டும் அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது.

தட்டில் வடையும் கேசரியும். கேசரி அந்த ஊர்ப் பண்டமே இல்லை. படித்த மாப்பிள்ளை வருகிறானே என்று, யாரோ சொல்லக் கேட்டு, முதல் தடவையாகக் கிண்டியிருக்கிறார்கள். மேலே பார்க்க ஜோராக இருந்தது. ஒரு வாய் போட்டேன். செங்கல்பட்டு ஸ்டேஷனில் ரயில் எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று மூச்சு விட்டது போலிருந்தது. அடி நன்றாகப் பிடித்துப்போய், அதைச் சுரண்டிக் கலந்திருக்கிறார்கள்.

பெரியப்பாவைப் பார்த்தேன். பெண்ணின் மாமனோடு நெல் விலை பேசிக்கொண்டு வடையைத் தின்றுகொண்டிருந்தார். இனிப்பைக் கடைசியில் தொடுவதுதான் அவர் வழக்கம். வடை தீர்ந்ததும் கேசரி. கேசரி வாய்க்குள் போனதும் துண்டை உதறுவார். கன்னியம்மாவை நான் இனிமேல் கனவில்தான் பார்க்க வேண்டும்.

பேசியாக வேண்டும். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் அப்பாவிடம் குனிந்தேன்.

"ஐயா, தவறாக எண்ணக் கூடாது."

"சொல்லுங்க தம்பி."

"பெரியவர்கள் இருக்கும்போது நானே வாய் திறப்பது முறையன்று. ஆனாலும் பெரியப்பா முந்திக்கொள்வதற்குள் தங்களிடம் சொல்லிவிடுவது நல்லது."

அவர் முகம் வெளுத்தது. என் முறைப்படி, 'அடி' என்பதை மூச்சுக் காற்றாக விட்டுவிட்டு, மிச்சத்தைக் கணீரென்று சொன்னேன்:

"பிடித்திருக்கிறது."

வருத்தப்படுவார் என்று எதிர்பார்த்தேன். மனிதர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"மெய்யாலுமா தம்பி?"

"மெய்தான். ஆனால் கொஞ்சம்தான்."

"கொஞ்சம்தானா?"

"மிகக் கொஞ்சம். தாங்கள் வருந்தக் கூடாது."

"இதுல வருத்தப்பட இன்னா கீது! மொதல்ல கொஞ்சமாத்தான் புடிக்கும். போகப் போக நல்லாப் புடிச்சிக்கும் பாருங்க!"

எனக்குத் தலை சுற்றியது. அடுப்பை விட்டு இறக்கிய கேசரி போகப் போக எப்படிப் பிடிக்கும்? தட்டிலேயே பிடிக்குமா? உப்பங்கழிப் பக்கத்துத் தண்ணீருக்கு அப்படி ஒரு குணமோ? பெரியப்பாவின் கையில் கால் வடைதான் மிச்சமிருந்தது. இனி நயம் பார்க்க நேரமில்லை.

"ஐயா, ஒரே ஒரு உதவி. தட்டை மாற்றிவிட்டால் போதும்."

"தட்டு மாத்தறதா? இப்பவேவா?"

"இப்போதே. தாமதிக்கக் கூடாது."

கேசரித் தட்டைத்தான் சொன்னேன், சத்தியமாக. அவர் துள்ளி எழுந்தார்.

"அடியே! வெத்தல பாக்குத் தட்டு எடுத்தா! மாப்ளைக்குப் பொண்ணப் புடிச்சிருக்குதாம்! இப்பவே தட்டு மாத்தணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு!"

உள்ளேயிருந்து குலவைச் சத்தம் கிளம்பியது. மாமன் என் முதுகில் தட்டினார். பெரியப்பா வடையும் கையுமாக என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்கு விக்கல் வருகிறது.

"இன்னாடா தொர, பெரிய மனுசன் நான் இங்க குந்திகினு கீறேன், நீயே பேசி முடிச்சிட்டியா? இன்னா சொன்ன இவருகிட்ட? எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு!"

குலவை அடங்கியது. கதவுக்குப் பின்னால் ஒரு வளையல் சத்தமும் நின்றது. நடந்தது என்னவென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சொன்னது கேசரியை என்று வாய் திறந்தால் சம்பந்தம் போயிற்று. திறக்காவிட்டால் என் மானம் போயிற்று. மேடைத் தமிழில் ஒரு சொல்கூட வரவில்லை.

"புடிச்சிருக்கு பெரிப்பா," என்றேன்.

"வெக்கங்கெட்டவனே," என்றார் அவர். ஆனால் தாம்பாளம் அவர் மூக்குக்கு நேரே வந்து நின்றது, ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. வாங்கிக்கொண்டார். வெற்றிலையை வாங்கினால் வாக்குக் கொடுத்ததாக அர்த்தம். அதற்கப்புறம்தான் கேசரியை எடுத்து வாயில் போட்டார்.

தாடை நின்றது. கண்ணில் நீர் கட்டியது. கை தானாகத் தோள் துண்டுக்குப் போயிற்று.

"எம் பொண்ணே கிண்டினது சம்பந்தி. எப்படிக் கீது?" என்றார் பெண்ணின் அப்பா.

சம்பந்தி என்ற சொல் காதில் விழுந்ததும் துண்டிலிருந்து கை இறங்கியது. பெரியப்பா கேசரியை விழுங்கினார். எங்கள் குடும்ப வரலாற்றில் அவர் குறை சொல்லாமல் விழுங்கிய ஒரே பண்டம் அதுதான்.

திரும்பி வரும்போது வண்டியில் பெரியப்பா பாதி தூரம் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

"ஏண்டா, அந்தாளுகிட்ட நீ மொதமொதல்ல சொன்னது பொண்ணயா, கேசரியயா?"

"கேசரியை."

வண்டிக்காரர் மாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிற அளவுக்குப் பெரியப்பா சிரித்தார். அவர் சொல்லித்தான் விஷயம் உறவு முழுக்கப் பரவியது. இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் எந்த வீட்டில் பால் அடிப்பிடித்தாலும், "மாப்ளைக்குப் புடிச்சிருக்குது, தட்ட மாத்து!" என்றுதான் குரல் கேட்கும். வெளியூரிலிருந்து வந்த மருமகள்கள் திருதிருவென்று விழிப்பார்கள்.

கல்யாணமாகிச் சில மாதம் கழித்து, மனசு கேட்காமல் கன்னியம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவேயில்லை.

"தெரியும். நான் உங்க முதுகுக்குப் பின்னால கதவாண்டதான நின்னுகினு இருந்தேன். 'அடி'ன்னது எனுக்கு நல்லாவே கேட்டுது."

"கேட்டும் ஏன் சும்மா இருந்தாய்?"

"அப்பால பெரிப்பா கேட்டப்போ 'அடி'ய வுட்டுட்டுச் சொன்னீங்களே," என்றாள். "அதுவுந்தான் கேட்டுது."