ஒரு புள்ளியும் குறையாத கடலைக்காரர்

நடந்து முடிந்ததை எழுதி வைக்க ஒரு குமாஸ்தா போதும். நடக்கப்போவதை, அதுவும் மூன்று தசம இடங்களுக்குத் துல்லியமாக, எழுதி வைக்க ஒரு 'துறை' வேண்டும். ஆதி மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்ததே, ஜனவரி மாதத்தில் அந்தத் துறையின் அறையைச் சூடாக்கத்தான் என்பது என் பணிவான கருத்து.

கிரேவன்போர்ட் கெளுத்திகள் பேஸ்பால் கழகம் தன் ஆண்டு மலருக்காக எங்கள் கணிப்புத் துறையைப் பாராட்டி ஒரு கட்டுரை கேட்டிருக்கிறது. எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. என் பெயர் கார்வின் பெல். பதவி, தசமப்புள்ளி உதவி மேலாளர். பிறந்ததும் வளர்ந்ததும் இதே ஊரில், மைதானத்திலிருந்து நாலு தெரு தள்ளி.

எங்கள் வேலை எளிமையானது, ஆகவே பதினொரு பேர் செய்கிறோம். வரும் பருவத்தில் ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஆயிரம் முறை மட்டை பிடித்தால் எத்தனை முறை உருப்படியாக அடிப்பார் என்று ஜனவரியிலேயே தாளில் எழுதி, கழக முத்திரை குத்தி, அவரவர் கையில் கொடுத்துவிடுவோம். பருவம் முடிந்ததும் எங்கள் பிரதிகள் தாள் கிழிக்கும் இயந்திரத்துக்குப் போய்விடும். எழுதியதையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அடுத்த கணிப்பை எழுதும் கை நடுங்கும் என்பது எங்கள் இயக்குநர் டாக்டர் ஹார்ட்விக்கின் கொள்கை. கடந்த மூன்று வருஷமும் கெளுத்திகள் முதலிடம் என்று கணித்ததாக ஞாபகம். மூன்று வருஷமும் கடைசி இடம். ஆட்டக்காரர்கள் 'ஒத்துழைக்கவில்லை'.

டாக்டர் ஹார்ட்விக் இதுவரை ஓர் ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. பார்த்தால் பாரபட்சம் வந்துவிடுமாம். மைதானத்தைப் பார்த்த கண்ணாடி அறைதான் அவருடையது. நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறார்.

இந்த ஜனவரியில் முதல் தளத்தில், அதாவது மைதானத்தின் 'ஃபர்ஸ்ட் பேஸ்' முனையில், நிற்கப்போகிறவருக்கான பட்டியலைக் கணினி துப்பியபோது அதில் இரண்டு பெயர்கள் இருந்தன. முதல் பெயர் ரோலண்ட் மேபரி. வயது முப்பத்து நாலு, ஒன்பது வருஷமாக எங்கள் முதல் தளத்தில் நிற்பவர். போன வருஷம் 271. வரும் வருஷக் கணிப்பு 228. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகிற வயது என்று கணினிக்குத் தெரியும். இரண்டாவது பெயர் மெர்வின் ஸ்டக்கி. அவருக்கு 251.

கூட்டம் கூடியது. பயிற்சியாளர் டன்லப் சூரியகாந்தி விதையைக் கடித்துக்கொண்டே பட்டியலைப் பார்த்தார்.

"இந்த ஸ்டக்கி யாரு?"

"முதல் தளத்துக்கு நம்ம புது ஆள், கோச். மேபரியை விட இருபத்து மூணு புள்ளி ஒசத்தி" என்றார் டாக்டர்.

"நம்ம கடலை ஸ்டக்கியா? கழுத்துல தட்டை மாட்டிக்கிட்டு 'சூடா இருக்கு, சூடா இருக்கு'ன்னு கத்துவாரே, அவரா?"

விசாரித்ததில் அவரேதான். அடையாள அட்டை கொடுக்கிற பிரிவு, கழக ஊழியர் அத்தனை பேரையும் ஒரே பட்டியலில் சேர்த்து அனுப்பியிருந்தது. வேறு கழகமாக இருந்தால் இதைத் 'தவறு' என்று சொல்லி அழித்திருப்பார்கள். நாங்கள் விஞ்ஞானிகள்.

"அது அவரோட இறந்தகாலம், கோச். இங்க நாம எதிர்காலத்தைப் பேசறோம்."

"யோவ், அந்தாளு ஜென்மத்துல மட்டையைத் தொட்டதில்லய்யா!"

"தொடலை. அதனாலதான் கெடலை."

டன்லப்புக்காக விதி எண் நான்கை நான் எழுந்து நின்று வாசித்தேன்: 'ஒருவரைப் பற்றிப் பதிவு ஏதும் இல்லையெனில் அவரை லீக்கின் சராசரி ஆட்டக்காரராகக் கொள்க.' நல்ல விதி. புதிதாக வரும் இளம் ஆட்டக்காரர்களுக்காக எழுதியது. கடலைக்காரர்களுக்குப் பொருந்தாது என்று அதில் எங்கும் இல்லை. லீக் சராசரி 251. மேபரி ஒன்பது வருஷம் அடித்தும் தவறியும் தன் பேரைத் தானே கெடுத்துக்கொண்டார். ஸ்டக்கியோ ஐம்பத்து மூன்று வயது வரை ஒரு பந்தைக்கூடத் தவறவிடவில்லை.

"அப்ப என் மாமியாரும் 251ஆ?" என்றார் டன்லப்.

"அவங்க ஆடியிருக்காங்களா?"

"இல்ல."

"அப்ப ஆமா" என்றார் டாக்டர். "ஃப்ரீயா இருந்தா வரச் சொல்லுங்க."

ஸ்டக்கியை அழைத்தோம். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"எத்தனை தடவை அவுட் ஆயிருக்கீங்க?"

"ஆனதே இல்லீங்க."

"கார்வின், எழுதிக்கோ."

"நான் ஆடினதே இல்லீங்களே, டாக்டர். படியேறிப் படியேறி முட்டி வேற போச்சு."

"முட்டி மருத்துவத் துறை. எங்களுக்குச் சம்பந்தம் இல்ல."

"பந்து வந்தா பயமா இருக்கும்."

"பயத்துக்குன்னு எங்க அட்டவணைல கட்டம் கிடையாது."

ஸ்டக்கி கொஞ்ச நேரம் தொப்பியைத் திருகினார். "அப்ப மேபரி என்ன ஆவாரு? அவருக்கு ரத்தக் கொதிப்பு. தினம் உப்பில்லாத பொட்டலம் ஒண்ணு தனியா எடுத்து வெப்பேன்."

அதற்கும் கட்டம் கிடையாது.

மார்ச் மாதம் ஃபுளோரிடா பயிற்சி முகாமில் மேபரி மட்டை பிடித்தார். இருபது தடவையில் பதினொரு தடவை அடித்தார். அதில் ஒரு பந்து வேலியைத் தாண்டி, வாகனம் நிறுத்துமிடத்தில் டாக்டரின் கார்க் கண்ணாடியில் போய் விழுந்தது. டாக்டர் அதை ஆராய்ந்து, 'சிறு மாதிரி' என்று அறிக்கை கொடுத்தார். இருபது தடவையை வைத்து ஒரு மனிதனை எடைபோடக் கூடாதாம். கண்ணாடி மட்டும் முழுதாக உடைந்திருந்தது.

ஊர் திரும்பியதும் மேபரியை அறைக்குக் கூப்பிட்டோம். ஆறடி நாலங்குலம். எங்கள் நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் மேசைக்கு மேலே தெரியும்.

"உங்க இடம் ஸ்டக்கிக்குப் போகுது, மிஸ்டர் மேபரி. இதுல சொந்த விருப்பு வெறுப்பு எதுவும் இல்ல" என்றார் டாக்டர்.

"அது தெரியுது. நீங்க என்னைப் பார்த்ததே இல்லியே." மேபரி சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "சார், ஏப்ரல் நாலாம் தேதி முதல் ஆட்டம். எனக்கு இது பத்தாவது வருஷம். ஒரே ஊர்ல, ஒரே தளத்துல பத்து வருஷம் நின்னுட்டுப் போயிடறேன். வேற எதையும் கேக்கல. எனக்கு வேற எதுவும் தெரியவும் தெரியாது."

"கணிப்பு 228 சொல்லுது."

மேபரி சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் தாள்கட்டை எடுத்தார். ரப்பர் வளையம் போட்ட ஒன்பது தாள்கள். எல்லாவற்றிலும் எங்கள் முத்திரை. வருஷா வருஷம் நாங்கள் கொடுத்ததை அவர் பத்திரமாக வைத்திருந்தார். ஒவ்வொன்றின் ஓரத்திலும், அந்த வருஷம் உண்மையில் அடித்ததைப் பென்சிலால் எழுதியிருந்தார்.

"ஒன்பது வருஷமா நான் விழப்போறேன்னு எழுதிக் கொடுக்கறீங்க. என்னைக் கணக்குப் போட்டீங்க, சரி. ஒரே ஒரு தடவை உங்களைக் கணக்குப் போட்டுச் சொல்லுங்க. நான் தப்புன்னு வந்தா எழுந்து போயிடறேன்."

தாள் கிழிக்கிற துறையிடம் தாளை நீட்டுகிற மனிதனை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. டாக்டர் என் பக்கம் கையைக் காட்டினார், நான் அவரைக் காப்பாற்றுவேன் என்ற நம்பிக்கையில். கணக்கு என் உத்தியோகம், போட்டேன். ஐந்து புள்ளிக்குள் வந்தால் சரி என்று தாராளமாகவே வைத்துக்கொண்டேன். ஒன்பதில் ஒன்று சரி. அதுவும் மேபரி முழங்கால் முறிந்து பாதிப் பருவம் படுத்திருந்த வருஷம்.

"புள்ளி ஒன்று ஒன்று ஒன்று" என்று வாசித்தேன். தசமப்புள்ளியில் நான் தவறுவதில்லை.

"சிறு மாதிரி" என்றார் டாக்டர்.

"என் இருபது அடியும் சிறு மாதிரி, உங்க ஒன்பது வருஷமும் சிறு மாதிரியா?"

"ரெண்டும்தான். தவிர, இதுல கழக முத்திரை இருக்கு. ரகசிய ஆவணம். வெளியில இருக்கக் கூடாது." டாக்டர் அந்தத் தாள்களை எடுத்து என்னிடம் தள்ளினார். "கார்வின், இயந்திரம்."

இயந்திரம் என் மேசைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சீக்கிரம் முடியட்டும் என்று மூன்று தாளைச் சேர்த்துச் செருகினேன். சிக்கிக்கொண்டது.

"ஒண்ணொண்ணா போடு, தம்பி. சேத்துப் போட்டா மாட்டிக்கும்" என்றார் மேபரி.

ஒவ்வொன்றாகப் போட்டேன். மேபரி இந்த ஊருக்கு வந்த முதல் வருஷம், கொட்டுகிற மழையில், பதினோராவது சுற்றில் அவர் அடித்த ஹோம் ரன்னைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தியவர்களில் நானும் ஒருவன். அந்த வருஷத்துத் தாள் கடைசியாகப் போனது. எனக்கு அவமானமாக இருந்தது. கண்ணில் ஏதோ நிறைந்தது. வருகைப் பதிவேட்டில் 'ஒவ்வாமை' என்று குறித்துக்கொண்டேன்.

டாக்டர் மட்டும் தெளிவாக இருந்தார். "இப்ப நம்மைப் பத்தி எந்தப் பதிவும் இல்ல. விதி நாலு. நாம மறுபடியும் சராசரி."

ஸ்டக்கி மேலே வந்ததால் கடலை விற்கிற இடம் காலி. ஊரை விட்டுப் போக மனமில்லாத மேபரி அதற்கு மனுப் போட்டார். எங்களிடம்தான் வந்தது. ஸ்டக்கியின் இருபத்தாறு வருஷப் பதிவைப் பார்த்தோம்: நாளொன்றுக்கு 118 பொட்டலம். கடலைக்காரர்களின் பொதுச் சராசரி 131. மேபரி வாழ்நாளில் ஒரு பொட்டலம்கூட விற்றதில்லை, ஆகவே 131. முதல் தளத்தில் இருபத்து மூன்று புள்ளி லாபம், படிக்கட்டில் பதின்மூன்று பொட்டலம் லாபம். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று டாக்டர் எல்லோருக்கும் டோனட் வரவழைத்தார்.

ஏப்ரல் நாலாம் தேதி. ஸ்டக்கி முதல் தளத்தில் நின்றார், பெரிய சட்டையில், இரு கையாலும் முகத்தை மறைத்தபடி. இரண்டாம் நிமிஷமே அவரை நோக்கி ஒரு பந்து பறந்தது. ஸ்டக்கி குனிந்துகொண்டார். அது அவர் தலைக்கு மேலே போய், வேலியைத் தாண்டி, மூன்றாவது வரிசைக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. அங்கே கழுத்தில் தட்டோடு நின்றிருந்த மேபரி, வலது கையால் ஓர் அம்மாளுக்குப் பொட்டலம் கொடுத்துக்கொண்டே, இடது கையை மட்டும் தூக்கி அதை வெறுங்கையால் பிடித்தார். ஒரு கடலைகூடச் சிந்தவில்லை.

மைதானமே எழுந்து நின்று கத்தியது. கண்ணாடி அதிர்ந்தது. டாக்டர் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"என்ன சத்தம்?"

"மேபரி பந்தைப் பிடிச்சுட்டாரு, டாக்டர்."

"கணிப்புல இருந்துதா?"

"இல்ல."

"அப்ப நடக்கல."

கீழே மேபரி பந்தை வேலிக்கு மேலாகப் போட்டு ஸ்டக்கியிடம் மெல்ல உருளவிட்டார். ஸ்டக்கி இரு கையாலும் அதை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, "சார், உப்பில்லாதது அடித்தட்டுல இருக்கு!" என்று கத்தினார்.

ஸ்டக்கி மட்டை பிடித்தால் பதிவு உண்டாகிவிடும், பதிவு உண்டானால் சராசரி கெடும். எனவே அவர் முறை வரும்போதெல்லாம் அவரை வெளியே எடுத்து வேறொருவரை இறக்கினோம். செப்டம்பர் வரை அவருடைய 251இல் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. லீக்கிலேயே இவ்வளவு கட்டுக்கோப்பாக நடந்துகொண்ட கணிப்பு வேறு கிடையாது. கெளுத்திகள் நூற்று மூன்று ஆட்டங்களில் தோற்றது வேறு விஷயம்.

பருவ முடிவில் கழகத்தின் முதலாளி எல்லாத் துறைகளையும் எங்கள் விதிகளாலேயே மதிப்பிடச் சொன்னார். புல் வெட்டுகிறவர்களுக்குப் பதிவு இருந்தது, சில இடத்தில் வழுக்கை. டன்லப்புக்குப் பதிவு இருந்தது, நூற்று மூன்று தோல்வி. அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மேபரிக்கும் இப்போது பதிவு வந்துவிட்டது. வாங்க வந்தவர்களெல்லாம் கையெழுத்துக் கேட்டதால் நாளொன்றுக்கு 94 பொட்டலம்தான் விற்க முடிந்தது. 131க்குக் கீழே. அவருக்கும் நோட்டீஸ் போயிற்று. உழைத்தவர் யாரும் சராசரியைத் தொடவில்லை. பதிவே இல்லாத ஒரே துறை எங்களுடையது. ஆகவே நாங்கள் சராசரி, ஆகவே கழகத்திலேயே நாங்கள்தான் முதலிடம்.

அதற்குத்தான் இந்தப் பாராட்டு. கேடயம் அறையில் இருக்கிறது, சுவர்ப் பக்கம், டாக்டர் கண்ணில் படும்படி.

எங்கள் துறை என்ன செய்தது என்பதற்கு இந்த உலகத்தில் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. இருந்த ஒன்பதையும் ஒவ்வொன்றாக, சிக்காமல், நான்தான் போட்டேன். ஆண்டு மலரை அச்சிடும் நண்பர்கள் கவனிக்க: புள்ளி ஒன்று ஒன்று ஒன்று. பத்தாவது தாள் இது.