அப்பாவின் கண்ணில் மிதந்த நார்

கந்தப்பளை,
17.08.2003

அன்புள்ள தரணிதரன் மாமாவுக்கு,

தக்ஷிகா வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம், மழையும் நலம். மாத்தளை வெயிலில் நீங்களும் அத்தையும் வாடாமல் இருக்க வேண்டுகிறேன்.

அப்பாவுக்கு ஒன்றுமில்லை, தூங்கினால் சரியாகும் என்று எழுதியிருந்தீர்களே, இருந்தது மாமா, கண்டுபிடித்தவள் நான். தேயிலைத் தொழிற்சாலையில் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கரான அப்பா, சலித்த தூளை வெள்ளைத் தாளில் பரப்பித் தண்டு நார் கிடக்கிறதா என்று பார்ப்பார் அல்லவா, சித்திரையிலிருந்து எந்தத் தாளைப் பார்த்தாலும் நார்தான். எல்லாவற்றையும் இரண்டு தரம் சலிக்கச் சொல்லிப் பெண்களை இருட்டும்வரை நிறுத்தினார். அவர்களில் மூத்தவரான பேச்சியம்மாக்கா, "ஐயா, இதுல நாரே இல்லீங்க" என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்கு வந்ததே கோபம், அடுத்த வாரத்திலிருந்து கொழுந்து பறிக்க மலைக்குப் போ என்றுவிட்டார். முழங்கால் வீங்கியவர் வழுக்கும் மலையில் எப்படி ஏறுவார்? அன்று சாப்பிடும்போது அப்பா சோற்றிலும் நார் பொறுக்கினார், அப்புறம் வெள்ளையடித்த சுவரிலும். கண்ணைத் திருப்பினால் நாரும் கூடவே வருகிறதாம். நான் பாடசாலை நூலகப் புத்தகத்தை விரித்து, கண்ணுக்குள் இருக்கும் கூழில் இழை மிதந்தால் இப்படித்தான் தெரியும் என்று உரக்க வாசித்தேன். "தேயிலை ஸ்டோரு வேலையில நீ தலையிடாத" என்ற அப்பா, சுவரை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, கண் டாக்டரிடம் போக லீவு கேட்டார்.

அந்த வாரமே நானுஓயாவில் ரயிலேறிக் கொழும்புக்குப் போனோம். டாக்டர் சொட்டு மருந்து விட்டுப் பார்த்து, விழித்திரையில் கிழிசல் இல்லை, பெரிய இழை ஒன்று நடுவில் மிதக்கிறது, அதை லேசரால் உடைக்கலாம் என்றார். கொஞ்சமும் வலிக்கவில்லை என்று அப்பா சொல்கிறார், அவர் பிடித்திருந்த என் கைதான் இன்னும் வலிக்கிறது. சின்ன இழைகள் சில மிஞ்சும், அவற்றைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

வந்ததும் அப்பா தாளைப் பரப்பினார். சலிக்கும் பெண்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். "நார் இல்ல பேச்சியம்மா. நீங்க இங்கனயே இருங்க" என்றார். அப்பா அவரை 'நீங்க' என்றது அதுதான் முதல் தடவை. அன்று எல்லோரும் வெளிச்சத்தோடு வீடு போனார்கள். விஞ்ஞானம் வென்றது மாமா, பேச்சியம்மாக்கா வென்றார், அடக்கத்தோடு சொல்கிறேன், நானும் வென்றேன்.

அத்தைக்கு என் வணக்கம். முருகன் உங்கள் எல்லோருடைய கண்களையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
கண் டாக்டராகப் போகும் உங்கள் மருமகள்,
தக்ஷிகா

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் நம் தேயிலையை ஏலத்தில் விற்கும் கொழும்புத் தரகரிடமிருந்து தகவல் வந்துவிட்டது. போன வாரத் தேயிலை முழுக்க நாராம். அடைப்பதற்கு முன்பே பேச்சியம்மாக்கா அந்த நாரைத் தாளிலேயே தொட்டுக் காட்டினாராம். "அது எனக்கும் தெரியுது, டாக்டர் கண்டுக்க வேணாம்னு சொல்லிட்டாரு" என்று அப்பா பெட்டியில் அடைக்கச் சொல்லிவிட்டாராம். இனி எல்லாவற்றையும் மூன்று தரம் சலிக்க வேண்டும் என்பது தோட்டத்து மேலாளரான துரையின் உத்தரவு. பேச்சியம்மாக்கா இப்போது எங்கள் வாசலில் நிற்கிறார். "பாப்பா, ஐயா கண்ண பழையபடி ஆக்குறதுக்கும் லேசர் இருக்கானு அந்தப் பொஸ்தகத்துல பாரேன்" என்கிறார்.