இரண்டாம் எண்ணுக்கு இழைக்கப்பட்ட அநீதி

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு, வணக்கம். இங்கு உங்கள் காரைத் தவிர அனைவரும் நலம். அங்கு நீங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும், முக்கியமாக என் மகளும், இக்கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

உங்கள் ஷெட்டுக்குக் கூரை மாற்றும்வரை என் வீட்டில் நிற்கட்டும் என்று அந்த அறுபது வயதுக் காரை நம்பி ஒப்படைத்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை பழைய கார் அணிவகுப்பில் அதை ஓட்டப்போவதாக நீங்கள் ஊரெல்லாம் சொல்லிவைத்திருப்பதும் தெரியும். திங்கட்கிழமை காலை சும்மா இருக்க முடியாமல் சாவியைத் திருப்பினேன், இருமியது, கிளம்பவில்லை. மெக்கானிக் வந்து ஒரு பிளக் ஒயரை உருவி எஞ்சின் அருகே பிடித்துக்கொண்டு, "சாவியத் திருப்புங்க சார்" என்றார், தீப்பொறி வரவில்லை. பொறியைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தால் உள்ளே ஈரம். துடைத்ததும் பொறி பறந்தது. மற்ற மூன்று ஒயர்களையும் கழற்றித் துடைத்து வைத்தார். "அவ்வளவுதான் சார், ஒயரையெல்லாம் மாட்டினா கிளம்பிடும்" என்றார். நானே மாட்டிக்கொள்கிறேன் என்று அவரை அனுப்பிவைத்தேன். அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது. அவர் எழுதி ஒட்டிவிட்டுப் போன துண்டுச் சீட்டில் ஒயர் வரிசை 1, 3, 4, 2 என்று இருந்தது. சம்பந்தி, நான் முப்பத்துநான்கு வருடம் பணிமூப்புப் பிரிவில் குப்பை கொட்டியவன். இரண்டாம் எண்ணைக் கடைசியில் தள்ளிவிட்டு மூன்றையும் நான்கையும் மேலே ஏற்றும் அநியாயத்துக்கு ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை. 1, 2, 3, 4 என்று முறைப்படி மாட்டிச் சாவியைத் திருப்பினேன்.

சைலன்சர் வெடித்த வெடியில், பக்கத்து வீட்டுப் பல் டாக்டரிடம் வாயைத் திறந்து படுத்திருந்தவர் அதே வாயோடு எங்கள் கூடத்துக்கு வந்துவிட்டார். மெக்கானிக்கை மறுபடி அழைத்தேன்.

"வரிசையை யாரு சார் மாத்துனது?"

"மாத்தல, திருத்தினேன்."

"எஞ்சினுக்குப் பொறி போற வரிசையே அதுதான் சார்."

"ரெண்டு என்னய்யா தப்பு பண்ணுச்சு? அதுக்கு மெமோ ஏதாவது குடுத்திருக்காங்களா?"

அவர் என் மனைவியைப் பார்த்து, "அம்மா, சாரை உள்ள கூட்டிட்டுப் போங்க" என்றார். மனசாட்சி இடம் தராததால் அவரைத் தொடவே விடவில்லை. நான்கு நாளில் ஒன்பது வெடி. பல் டாக்டர் கிளினிக்கைப் பூட்டிவிட்டார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் என்னை ஒன்றும் சொல்ல மாட்டீர்கள். ஆனால் உங்கள் முகத்தைத் தினமும் பார்க்கப்போவது என் மகள். வண்டி இனி எழுந்திருக்காது. அணிவகுப்புக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு, பழியை என்மேல் போடாமல் வண்டியின் வயதின்மேல் போடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

பெரியவர்களுக்கு வணக்கமும், சிறியவர்களுக்கு ஆசியும், வண்டிக்கு என் ஆழ்ந்த அனுதாபமும்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் சம்பந்தி என்று நம்பும் சம்பந்தி

பி.கு.: மேலே எழுதியது அனைத்தையும் ரத்து செய்கிறேன். நான் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் என் மனைவி சீட்டில் உள்ளபடி ஒயர்களை மாட்டிச் சாவியைத் திருப்பிவிட்டாள். கிளம்பிவிட்டது. "அணைச்சா நீங்க மறுபடியும் திருத்துவீங்க. நேரா சம்பந்தி வீட்டுலயே கொண்டுபோய் விட்டுடறேன்" என்று ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். டிரைவிங் ஸ்கூலுக்கு அவள் போனது மூன்றே நாள். நிறுத்துவது நான்காம் நாள் பாடமாம். மெக்கானிக் பைக்கில் இக்கடிதத்தோடு அவளை முந்திக்கொண்டு வருகிறார். தயவுசெய்து கேட்டைத் திறந்து வையுங்கள். பின்பக்கக் கேட்டையும்.