சுருட்டுவெட்டியும் ஆயுத பூஜையும்

நான் இன்றுவரை ஒரு சுருட்டைக்கூட வாயில் வைத்ததில்லை. ஆனால் நல்ல சுருட்டுவெட்டியை எப்படிப் பார்த்து எடுப்பது, எடுத்ததை எப்படிப் பராமரிப்பது என்று யாராவது கேட்டால் அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசுவேன். நாற்பது வருஷமாகத் தயாராக இருக்கிறேன். ஒருவரும் கேட்கவில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில் எங்கப்பாவும் நானும் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தோம். பதினோரு சைக்கிள், ஒரு பம்பு, பஞ்சர் பார்க்க ஒரு தண்ணீர்த் தொட்டி. (தொட்டி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம், பாதியாக அறுத்த டின்.) எனக்கு இருபத்தாறு வயது. அடி அண்ணாமலைப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த வசந்தா தினமும் எங்கள் கடை வழியாகத்தான் சைக்கிளில் போவாள். வாரத்துக்கு ஒரு தடவை அவள் சைக்கிளில் பிரேக் தளர்ந்துவிடும். அது ஏன் வாரம் தவறாமல் தளர்ந்தது என்பது அதைச் சரி செய்து கொடுத்த எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஒருவழியாக எங்கப்பா பெண் கேட்டு ஆள் அனுப்பினார். வசந்தாவுக்கு அப்பா இல்லை, பெரியப்பாதான் எல்லாம். பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்தவர். ஊரில் மிலிட்டரிக்காரர் என்றால் சின்னக் குழந்தையும் வீட்டைக் காட்டும். பனிமலையில், குண்டு மழைக்கு நடுவே, ரத்தம் ஒழுகும் சிப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு மைல் நடந்த கதையை அவர் டீக்கடையில் சொல்லும்போது, கையிலிருக்கிற டீ ஆறுவது தெரியாமல் கேட்பார்கள். எங்கள் விஷயத்தில் "யோசிச்சு சொல்றேன்" என்றவர் மூன்று மாதமாக யோசித்துக்கொண்டிருந்தார். பஞ்சர் ஒட்டுகிறவனுக்கு டீச்சரைக் கொடுப்பதா என்பதுதான் யோசனை. நியாயமான யோசனைதான். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் மூன்று நிமிஷத்தில் முடியாது என்று சொல்லியிருப்பேன்.

ஒரு நாள் காற்றடிக்க வந்தபோது வசந்தா விஷயத்தை உடைத்தாள். பெரியப்பா சுருட்டுப் பிரியர். முனையைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டுத்தான் பற்றவைப்பார். இப்போது புதிதாகப் பல் செட்டு கட்டியிருக்கிறார். கடித்து இழுத்தால் சுருட்டு அப்படியே இருக்கிறது, பல் செட்டுதான் கையோடு வருகிறது. பிளேடால் அறுத்தால் சுருட்டு பிரிந்துபோகிறது.

"ரெண்டு மாசமா வீட்ல யாராண்டயும் மூஞ்சி குடுத்துப் பேசறதில்லங்க. இப்ப போயி நம்ம பேச்ச எடுத்தா முடியாதுன்னுடுவாரு" என்றாள்.

"நம்ம பேச்சு" என்று அவள் சொன்ன பிறகு எனக்கு வேறெதுவும் காதில் விழவில்லை. பம்பை அடித்துக்கொண்டே இருந்தேன். டியூப் வெடித்துவிட்டது.

எங்கள் கடையில் மாத வாடகைக்கு சைக்கிள் எடுக்கும் வெள்ளைக்காரர் ஒருவர் இருந்தார். நாடு, வீடு, மனைவி, மாமிசம் எல்லாவற்றையும் துறந்துவிட்டு மலையடிவாரத்தில் ஒரு வாடகை ரூமில் தியானம் செய்துகொண்டிருந்தார். சுருட்டையும் துறந்துவிட்டார். சுருட்டின் முனையை வெட்டுகிற கருவிகளை மட்டும் துறக்க மனசு வரவில்லை. வெல்வெட் துணியில் சுற்றி மூன்று வைத்திருந்தார். (பற்று எந்தச் சந்தில் ஒளிந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்?) எட்டு வருஷமாக இங்கே இருந்ததால் தட்டுத்தடுமாறித் தமிழ் பேசுவார். என் கதையைக் கேட்டு உருகிப்போய், மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

நான் பளபளவென்று பித்தளைப் பிடி போட்டதில் கை வைத்தேன். மனிதர் தலையில் அடித்துக்கொண்டார். அது ஒற்றைக் கத்தியாம், ஒரு பக்கமாக அமுக்கி சுருட்டை நசுக்கிவிடுமாம். இரட்டைக் கத்திதான் நல்லது, நடு ஓட்டையில் சுருட்டை நுழைத்து இரண்டு பக்க வளையத்திலும் விரலை விட்டு அமுக்கினால், இரண்டு பக்கமிருந்தும் ஒரே சமயத்தில் வந்து வெட்டும். மூடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கத்திகளுக்கு நடுவே கோடு போல்கூட வெளிச்சம் தெரியக் கூடாது. ஆட்டினால் லொடலொடக்கக் கூடாது. சுருட்டின் தலையில் நகத்தளவுக்கு மேல் வெட்டக் கூடாது. ஒவ்வொரு தடவை வெட்டியதும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். மாதம் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய், அதுவும் கத்தி ஓடுகிற காடியில் மட்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், ஈரம் ஆகவே ஆகாது. "தண்ணி வேண்டாம். எப்பவும் வேண்டாம்" என்று இரண்டு கையையும் கூப்பிக் கேட்டுக்கொண்டார். சைக்கிள் கடைக்காரனுக்கே எண்ணெய் போடச் சொல்லித் தருகிறாரே என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு.

பாக்கை வெட்டுவது பாக்குவெட்டி என்றால் இது சுருட்டுவெட்டி என்று நானே பேர் வைத்தேன். வசந்தா வீட்டில் பக்குவமாகச் சொல்ல, பெரியப்பா அடுத்த வாரம் கடைப் பக்கம் வருவதாகச் செய்தி வந்தது. அதுவரை தினமும் பயிற்சி எடுத்தேன். சுருட்டுக்கு எங்கே போவது, வெண்டைக்காயில்தான் பழகினேன். வீட்டில் காய் நறுக்க ஆள் கிடைத்தது என்று சந்தோஷப்பட்ட எங்கம்மா, தொடர்ந்து மூன்று நாள் வெண்டைக்காய்ப் பொரியல் செய்த பிறகு கூடையைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிட்டாள்.

நடுவில் ஆயுத பூஜை வந்தது. அன்றைக்குத் தொழில் சாமான்களைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, பூஜையில் வைத்துவிட்டால் மறுநாள் காலைவரை யாரும் தொடக் கூடாது. எங்கப்பா இதில் ரொம்பக் கறார். ஒரு வருஷம் பூஜை முடிந்த பிறகு பஞ்சர் என்று வந்து நின்ற வக்கீலை வீடுவரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போக வைத்தவர். ஸ்பேனர், சுத்தியல், பம்பு வரிசையில் நானும் என் சுருட்டுவெட்டியை வைத்தேன். என் கல்யாணமே அதை நம்பித்தானே இருந்தது. மற்ற சாமான்களுக்கு ஆளுக்கொரு பொட்டு என்றால் இதற்கு மட்டும் தாராளம். கத்திகளுக்கும் ஆசீர்வாதம் போய்ச் சேரட்டும் என்று திறந்தே வைத்தேன். சந்தனத்தைக் குழைத்துப் பூசினேன், குங்குமத்தைத் தண்ணீரில் கரைத்துக் காடி நிரம்ப ஊற்றினேன். ஈரம் ஆகாது என்று வெள்ளைக்காரர் சொன்னது ஞாபகம் இருந்தது. சாமி காரியத்துக்கு அதெல்லாம் பொருந்தாது என்று நானே தீர்ப்பு சொல்லிக்கொண்டேன்.

பூஜை முடிந்து அப்பா பொரியும் சுண்டலும் எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடைகளுக்குக் கொடுக்கப் போனார். அவர் தலை மறைந்ததும் மிலிட்டரிக்காரர் வந்து நின்றார். அடுத்த வாரம் என்று சொன்னவர் லீவு நாளாச்சே என்று முன்னாலேயே கிளம்பிவிட்டார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, பாக்கெட்டில் சுருட்டு.

"இன்னாவோ வெட்டற மிஷின் வச்சிருக்கியாமே தம்பி. எடு, பாப்போம்."

பூஜையில் இருக்கிறது, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். மூன்று மாதம் யோசித்தவரிடம் நாளைக்கு என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அப்பா வருகிறாரா என்று ரோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, சாமி படத்தைப் பார்க்காமல் கையை நீட்டி எடுத்துவிட்டேன். (நான் பார்க்காவிட்டால் சாமியும் பார்க்காது என்று ஒரு நம்பிக்கை.)

மேலே சந்தனம் சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடந்தது. சட்டையில் துடைத்து நீட்டினேன். அவர் இரண்டு வளையத்திலும் விரல்களை விட்டு, சுருட்டை நுழைத்து அமுக்கினார். கத்தி அசையவில்லை. நான் விடாமல் இரட்டைக் கத்தியின் மகிமையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மறுபடி அமுக்கினார், ஊஹும். "இருங்க, நான் ஒரு கை புடிக்கறேன்" என்று அவர் கைகளுக்கு மேல் என் கைகளை வைத்து, இறுகிய நட்டைத் திருகுகிற பலத்தோடு அழுத்தினேன்.

சரக்கென்று மூடியது. சுருட்டு நட்டநடுவில் இரண்டாகப் போனது. காடிக்குள் காயாமல் தேங்கியிருந்த குங்குமக் கரைசல் பீச்சியடித்து, அவர் கட்டைவிரலெல்லாம் சிவப்பு, வெள்ளைச் சட்டையெல்லாம் சிவப்பு.

அவர் விரலைப் பார்த்தார். "தம்பி, ரத்தம்" என்றார், மிக மெல்லிய குரலில். பிறகு ஸ்டாண்டு போடாத சைக்கிள் மாதிரி அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார்.

பெண் வீட்டுப் பெரியவரை ஆயுத பூஜையும் அதுவுமாகக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். பஞ்சர் டின்னைத் தூக்கி அவர் முகத்தில் ஊற்றினேன். காலையில் அத்தனை சாமான்களையும் கழுவிய தண்ணீர் அது. கிரீஸ் வழியக் கண்ணைத் திறந்தார்.

"ரத்தம் இல்லீங்க, குங்குமம்" என்றேன்.

விரலை வேட்டியில் துடைத்துப் பார்த்தார். கீறல்கூட இல்லை. என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். டீக்கடையில் அந்தப் பனிமலைக் கதை இனிமேல் என்னாகும் என்று இரண்டு பேரும் ஒரே சமயத்தில் யோசித்தோம். வெளியே அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது.

அவர் பட்டாளத்துக்காரர்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரே வீச்சில் எழுந்தார். டின்னில் மிச்சமிருந்த தண்ணீரை என் தலையில் கவிழ்த்தார். தோளைப் பிடித்து அமுக்கி என்னைத் தரையில் உட்காரவைத்தார். அப்பா உள்ளே நுழைந்ததும் அமைதியாகச் சொன்னார்.

"பயப்படாதீங்க சம்மந்தி. மாப்பிள்ள குங்குமத்தப் பாத்து ரத்தம்னு நெனச்சு மயங்கி வுழுந்துட்டாரு. நான்தான் தண்ணி ஊத்தி எழுப்பனேன்."

நான் மறுப்பதற்காக வாயைத் திறந்தேன். சம்மந்தி, மாப்பிள்ளை என்ற இரண்டு வார்த்தைகளும் அப்போதுதான் மண்டைக்குள் இறங்கின. வாயை மூடிக்கொண்டேன்.

"இப்ப எப்டி இருக்கு மாப்ள?" என்றார். குரல் அதட்டலாக இருந்தது, கண் மட்டும் கெஞ்சியது.

"பரவால்லீங்க மாமா" என்றேன்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. வெள்ளைக்காரரின் சுருட்டுவெட்டி ஒரே வாரத்தில் துருப்பிடித்துப் போயிற்று. அவர் விசாரிக்கும்போதெல்லாம் சௌக்கியமாக இருப்பதாகச் சொல்லிவைத்தேன். பெரியப்பா அதன் பக்கமே திரும்பவில்லை. நான் கொடுத்த சைக்கிள் கம்பியால் முனையில் ஒரு ஓட்டை குத்தி, கடைசிவரை நிம்மதியாகப் புகைத்தார். முதலிலேயே அந்தக் கம்பியைக் கொடுத்திருக்கலாம். டீக்கடையில் அவருக்கு அதன் பிறகு இரண்டு கதைகள். இரண்டாவதில் நான் மயங்கிக் கிடக்கும் நேரம் வருஷத்துக்கு ஐந்து நிமிஷம் கூடிக்கொண்டே போனது.

அவர் காலமாகிக் காரியமெல்லாம் முடிந்த பிறகு வசந்தாவிடம் உண்மையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "போன மனுஷன் மேல பழி போடாதீங்க, அவரு மிலிட்டரி" என்றாள். நான் பயந்த சுபாவம் என்று தெரிந்துதான் கட்டிக்கொண்டாளாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லையாம். என் கையைப் பிடித்துக்கொண்டு வேறு சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவள் அதையும் தப்பாகப் புரிந்துகொண்டாள்.

இப்போதும் ஆயுத பூஜைக்கு வசந்தா குங்குமத் தட்டை எடுத்து வரும்போது, எங்கள் மருமகள் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து எனக்குப் பின்னால் போடுவாள்.

"உக்காந்துக்கோங்க மாமா" என்பாள்.

நானும் உட்கார்ந்துகொள்கிறேன்.