தொண்ணூறு லிட்டர் பலகையும் தொண்ணூற்றெட்டுக் கிலோ மனிதனும்

ஹூட் ரிவர், ஆரிகன்
ஆகஸ்ட் 29

பெருமதிப்புக்குரிய மைத்துனர் ராஸ்கோ அவர்களுக்கு,

தங்கள் அக்காள் கணவன் வெர்லின் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் அக்காள் கொரினும் நலம். பாய்சியில் தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாங்கள் நலமாக இருப்பதில் எனக்குத் தனி அக்கறை உண்டு. இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரையிலாவது தாங்கள் திடகாத்திரமாக இருந்தாக வேண்டும்.

தாங்கள் ஜூலையில் வந்திருந்தபோது நம் வீட்டுக் கார் கொட்டகையில் அன்புடன் விட்டுச்சென்ற சிவப்புப் பாய்ப்பலகையைப் பற்றித்தான் எழுதுகிறேன். என் நிலைமை தங்களுக்குத் தெரியும். கொரின் தன் ஐம்பத்தாறாவது வயதில், பலகை மேல் நின்று பாயைப் பிடித்துக் காற்றிலேயே ஆற்றைக் கடக்கும் இந்தப் பாய்ப்பலகை வித்தையைக் கற்றுக்கொண்டு இரண்டு கோடை ஆகிவிட்டது. மதியம் மேற்குக் காற்று எழும்பினால் போதும், அடுப்பில் என்ன இருந்தாலும் அப்படியே அணைத்துவிட்டு ஆற்றுக்குப் போய்விடுவாள். நான் முப்பத்தொரு வருஷம் பேரிக்காய்க் கிடங்கில் எடை போட்டுவிட்டு, போன மார்ச்சில் ஓய்வு பெற்றவன். அன்று முதல் கரையில் மடக்கு நாற்காலி போட்டு அவள் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆற்றங்கரையில் என் பெயரே துண்டுக்காரர் என்றாகிவிட்டது. அவள் பக்கத்தில் ஒரு தடவையாவது பாய் பிடித்து எதிர்க்கரையில் இருக்கும் வாஷிங்டன் மாநிலம் வரைக்கும் போய் வர வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை கிடையாது. அதைத் தங்களிடம் சொன்னதுதான் நான் செய்த முதல் தப்பு.

"பெரிய பலகையெல்லாம் சின்னப் பிள்ளைங்களுக்கு அத்தான். ரெண்டே வாரத்துல சலிச்சுப் போயிரும். ஆம்பளையா இதுலயே பழகுங்க," என்று சொன்னது தாங்கள்தானே? அதன் வாலில் 90 லிட்டர் என்று எழுதியிருந்ததே, அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்டேனா இல்லையா? பலகைக்கு உள்ளே அவ்வளவு காற்று இருக்கிறது என்று சொன்னீர்கள். தொண்ணூறு லிட்டர் என்றால் ஏறக்குறைய தொண்ணூறு கிலோவைத்தான் அது தாங்கும், அந்தக் கணக்கில் பலகையும் பாயும் பாய்மரமும் அடக்கம் என்கிற மிச்சத்தை ஏன் சொல்லவில்லை? நான் இருநூற்றுப் பதினைந்து பவுண்டு, அதாவது தொண்ணூற்றெட்டுக் கிலோ. நீ நூற்று நாற்பது பவுண்டு. காற்றடித்தால் உனக்குப் பலகையே வேண்டாம், சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டால் பறந்துவிடுவாய்.

முதல் நாள், கொரின் பல் மருத்துவரிடம் போயிருந்த நேரம் பார்த்து, கற்றுக்கொள்கிறவர்கள் எல்லாம் இறங்கும் ஹூக் குடாவில் நானும் இறங்கினேன். அங்கே தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. பலகை மேல் ஏறி நின்றேன். அது வழுக்கவில்லை, கவிழவில்லை. மரியாதையாக, மெதுவாக, நேராகக் கீழே போயிற்று. முழங்கால், இடுப்பு, நெஞ்சு என்று தண்ணீர் ஏற, நான் மட்டும் பாய்க்கயிற்றைப் பிடித்தபடி விறைப்பாக நின்றுகொண்டிருந்தேன். கரையில் பயிற்சி வகுப்புக்கு வந்தவர்கள் கைதட்டினார்கள். தலையைத் தவிர எதுவும் வெளியே தெரியாததால் அதைக் கொண்டே நன்றி சொன்னேன்.

மறுநாள் ஓக் தெருவில் பலகை வாடகைக்குக் கொடுக்கும் கடைக்குப் போனேன். டோவா என்கிற பெண் அதை நடத்துகிறாள். கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். எத்தனை தடவை போயிருக்கிறீர்கள், பாயைத் தண்ணீரிலிருந்து தூக்கத் தெரியுமா, திரும்பி வரத் தெரியுமா, எந்த நேரத்தில் எந்த இடத்தில் இறங்கப் போகிறீர்கள், என்ன எடை. எனக்குப் பின்னால் காலேஜ் பையன்கள் நான்கு பேர் வரிசையில் நின்றார்கள். அவர்கள் முன்னால் நான் நூற்று எண்பது பவுண்டு என்றும், சுமாராகப் பழகியவன் என்றும் சொல்லிவிட்டேன். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு பேரிக்காய்ப் பெட்டிக்கும் எடை மாற்றிச் சொல்லாதவன் நான். இந்தப் பொய்க்கும் மூலகாரணம் நீதான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சார், இந்த ஆத்துல காத்து ஒரு பக்கம் போகும், தண்ணி இன்னொரு பக்கம் போகும். நீங்க சொன்னது மட்டும் நெசம்னா இது போதும்," என்று நூற்றிருபது லிட்டர் பலகை ஒன்றைக் கொடுத்தாள். பாய் மட்டும் பெரிதாக வேண்டும் என்று நானே கேட்டு வாங்கினேன்.

அன்று மதியம் கொரின் கண்ணில் படக் கூடாது என்பதற்காக, ஊருக்கு மேற்கே தனியாக இறங்கினேன். அலை இருந்தது, காற்றும் விட்டுவிட்டு அடித்தது. பதினொரு தடவை விழுந்தேன். பன்னிரண்டாவது தடவை பாயில் காற்றுப் பிடித்தது. ராஸ்கோ, அந்த மூன்று நிமிஷம் மட்டும் நான் போனேன். ஆற்றின் பாதி வரைக்கும் போனேன். அப்புறம் ஒரு காற்று வீச்சு வந்து, பாயின் பிடிகம்பை விடத் தெரியாத என்னைப் பாய்மரத்துக்கு மேலாகத் தூக்கி எறிந்தது. எழுந்து பார்த்தால் காற்று செத்துப் போயிருந்தது. நூற்றிருபது லிட்டர் என்னையும் சுமந்து, அந்தப் பெரிய பாயையும் சுமந்து, கணுக்கால் அளவு தண்ணீருக்குள் நின்று நடுங்கியது. ஆறு என்னை அப்படியே மேற்கே கடலைப் பார்த்து இழுத்துக்கொண்டு போயிற்று. பின்னால் கோதுமை ஏற்றிய தோணிகளைத் தள்ளிக்கொண்டு ஓர் இழுவைப் படகு வந்தது. அதை ஓட்டியவன் ஐந்து முறை ஊதினான். விலகு என்று அர்த்தம். எப்படி விலகுவது என்று நான் யாரைக் கேட்பது? பாயைப் பலகை மேல் போட்டு, அதன் மேல் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் துழாவினேன். வாழ்நாளில் அவ்வளவு பயந்ததில்லை. தோணி போன பிற்பாடு அதன் அலை என்னைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு சால்மன் வலையில் சேர்த்தது.

வலைக்குச் சொந்தக்காரி லவீனா. இந்த ஆற்றில் மீன் பிடிக்கும் யாகமா பழங்குடிப் பெண், என் வயதுதான் இருக்கும். படகைக் கொண்டுவந்து நிறுத்தி, என் காலிலிருந்து வலைக் கண்ணிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். அரை மணி நேரம் ஆயிற்று. ஒன்றையும் அறுக்கவில்லை. வலை மேல் அவளுக்கு அவ்வளவு அக்கறை. நடுவில் பெயர் கேட்டாள்; ஹாக்ஸ்டாட், நார்வே வம்சம் என்றேன்.

"இந்த வலையில என்னென்னமோ வந்து விழுந்திருக்கு. நார்வேக்காரர் விழுறது இதுதான் முதல் தடவை," என்றாள். பிறகு, "உங்க எடை என்னங்க?" என்று கேட்டாள்.

இருநூற்றுப் பதினைந்து என்றேன். அந்த வாரத்தில் நான் சொன்ன முதல் உண்மை அது. அவள் பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தலையை ஆட்டிக்கொண்டு மீன்களுக்கு நடுவே எனக்கு இடம் ஒதுக்கினாள்.

படகுத்துறையில் கொரின் நின்றுகொண்டிருந்தாள். டோவாவுக்கு அவளை ஆற்றில் பழக்கமாம்; என் மேல் சந்தேகப்பட்டு அவளுக்குப் போன் செய்திருக்கிறாள். கொரின் ரப்பர் உடை கூடக் கழற்றாமல் இரண்டு மணி நேரமாகக் கரையோரம் முழுக்கத் தேடியிருக்கிறாள். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை. லவீனாவுக்கு நன்றி சொன்னாள், ஒரு பெரிய சால்மன் வாங்கிக்கொண்டாள், என்னை ஏற்றிக்கொண்டு வீடு வரைக்கும் வண்டியை ஓட்டி வந்தாள். வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னாள்: "என் தம்பியக் கேட்ட. கடைக்காரியக் கேட்ட. முப்பத்தஞ்சு வருஷமா கூட இருக்கேன், நானும் அந்த ஆத்துல தெனம் எறங்குறவதான். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா வெர்லின்?"

அதற்குப் பதில் உன்னிடம் இருந்தால் எழுது.

ஆகவே நான் முடிவு செய்துவிட்டேன். இனி இந்த ஜென்மத்தில் பாய்ப்பலகை பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். வரும் சனிக்கிழமை வண்டியோடு வந்து உன் சிவப்புச் சனியனை எடுத்துக்கொண்டு போ. சாப்பாடு உண்டு, பேச்சு கிடையாது. இனி யாருக்கும் ஆலோசனை வழங்குவதில்லை என்று எழுத்தில் கொடுத்தால் பேச்சும் உண்டு.

தங்கள் இல்லத்தில் சகல சௌபாக்கியங்களும் தங்குக. தங்கள் குழந்தைகள் தங்களைப் போல் அல்லாமல் நன்றாக வளர என் ஆசிகள்.

இப்படிக்கு,
மனம் நொந்த
வெர்லின் ஹாக்ஸ்டாட்

பி.கு.: தபால்தலை இல்லாமல் இந்தக் கடிதம் மூன்று நாள் மேஜையிலேயே கிடந்தது. சனிக்கிழமை வர வேண்டாம். உன் பலகை கொரினுக்கு அளவெடுத்துச் செய்தது மாதிரி இருக்கிறது, பலத்த காற்றில் அதைவிட நல்ல பலகை இந்த ஆற்றிலேயே இல்லை என்கிறாள், திருப்பித் தரும் உத்தேசம் அவளுக்கு இல்லை. முந்தாநாள் ராத்திரி சாப்பிடும்போது, எனக்கு எது சரிப்படும் என்று அவளிடம் கேட்டேன். சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு ஒரு மணி நேரம் சொன்னாள். நேற்றுக் காலை ஏழு மணிக்கு, காற்று எழும்புவதற்கு முன்னால், ஹூக் குடாவில் என்னை இறக்கினாள். இருநூற்றிருபது லிட்டர் பலகை, சாப்பாட்டு மேஜை அகலம், அடியில் நடுவே கத்தி போல் நீருக்குள் இறங்கும் தகடு, கைக்குட்டை அளவுக்கு ஒரு பாய். ஏறி நின்றேன், அசையவில்லை. முப்பது கஜம் போனேன். திரும்பினேன். கிளம்பின இடத்துக்கே வந்து சேர்ந்தேன். அவள் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு பலகையைப் பிடித்துத் திருப்பி மறுபடியும் தள்ளிவிட்டாள். ஒன்பது தடவை போய் வந்தேன் ராஸ்கோ. அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே, ஒன்பது தடவை. உடம்பெல்லாம் வலிக்கிறது. இப்போது மணி ஆறே முக்கால், கீழே வண்டியில் ஹார்ன் அடிக்கிறாள்.