பாவாத்தாளைக் கண்டுபிடித்த புரொபசர்

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
12-6-1969

சிரஞ்சீவி காசிநாதனுக்குத் தாய்மாமன் துரைக்கண்ணு ஆசி சொல்லி எழுதுவது. நானும் தறியும் நலம். உன் அத்தைக்கு முழங்கால் வலி, வாய் நலம்.

இப்படி ஆகும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். மதத்தை ஆராய்கிற சோஷியாலஜி புரொபசர் ராஜகோபாலிடம் போய்ச் சேராதே, அந்த ஆளுக்குச் சாமியும் தெரியாது, ஆசாமியும் தெரியாது என்றேன். கேட்டாயா? மூன்று வருஷம் பாவாத்தாளைப் பற்றியே உழைத்து, திங்கட்கிழமை தீசிஸ் பைண்டிங்குக்குப் போகிற நேரத்தில், "மாமா, பாவாத்தாளுக்கு எந்த மாதம் பொங்கல் வைப்பார்கள்? என் லெக்சரர் வேலையே இதில்தான் இருக்கிறது" என்று கார்டு போடுகிறாய். உன் குருவைக் கேட்பதுதானே?

அவர் சரித்திரம் எனக்குத் தெரியாததா. முதல் புத்தகத்துக்கு வரதர் கோயில் வாசலில் ஆறு மாதம் செருப்பு எண்ணினார். செருப்பை வைத்துப் பக்தர்களைக் கணக்கெடுத்து, ஏழைகளுக்குப் பக்தி குறைவு என்று முடித்தார். வெறுங்காலோடு வந்தவனெல்லாம் அவர் கணக்கில் கோயிலுக்கே வராதவன். நான் இதை ஒரு வார்த்தை கேட்டேன், அவர் மூஞ்சி ஆறிப்போன கோயில் இட்லி மாதிரி ஆகிவிட்டது. இரண்டாவது புத்தகம் பிரசாதத்தைப் பற்றி. பசித்தவன் வரிசையில் முன்னால் நிற்கிறான் என்று சொல்ல நானூறு பக்கம். அதற்கப்புறம்தான் புத்தி வந்து என்னிடம் வந்தார்.

எங்கள் தெருக்கோடியில், காலையில் தறிக்கான பட்டு நூலைப் பாவாக நீள இழுத்துக் கட்டுகிற கல் இருக்கிறதே, மஞ்சளும் சிவப்புமாய், அதைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இது எந்த அம்மன்?"

"பாவாத்தாங்க. பாவு அறுந்துபோனா இவகிட்டதான் முறையிடுவோம். எங்க பாட்டன் கனவுல வந்து எடம் கேட்டவ."

அதை அப்படியே மூன்றாவது புத்தகமாக்கி ஜெர்மனி வரைக்கும் போய்ப் பேசிவிட்டு வந்தார். அவர் எழுதினதில் உருப்படி அது ஒன்றுதான், அதுவும் நான் சொன்னது. தொல்லை மட்டும் எனக்கு. வெள்ளைக்காரர்கள் வந்து படம் பிடித்ததிலிருந்து எதிர்வீட்டுச் செல்லியம்மாள் வெள்ளிதோறும் கல்லுக்கு விளக்கு வைக்கிறாள். நேற்று பாவு கட்டப் போனால் மறிக்கிறாள்.

"ஆத்தா கழுத்துல கயித்த மாட்டிக்கினு நிக்கிறியே, கண்ணு அவிஞ்சிடும்பா."

"இத்தன வருசமா கட்டினேன், அவியலியே."

"அப்போ அவ தூங்கிக்கினு இருந்தா. புரொபசரு எழுப்பிவுட்டாரு."

இப்போது பாவு நூலை மடித்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடக்கிறேன்.

பொங்கல் ஆடி மூன்றாம் வெள்ளி. செல்லியம்மாள் பானைகூட வாங்கிவிட்டாள். தைரியமாக எழுது.

சீக்கிரம் டாக்டராகி, அந்தப் புரொபசர் நாற்காலியிலேயே நீ உட்கார ஏகாம்பரநாதர் அருளட்டும்.

இப்படிக்கு
தாய்மாமன் துரைக்கண்ணு

பின்குறிப்பு: பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் இதையும் படித்துவிடு. கல்லில் இருப்பது மஞ்சள் குங்குமம் இல்லை. நூலுக்குச் சாயம் தோய்த்துவிட்டு வருகிறவர்கள் கை துடைத்த கறை, பாதி என்னுடையது. பாவாத்தாள் என்று ஒருத்தி கிடையாதுப்பா, நான்தான் வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன்.