கடை எண் நாற்பத்தேழு

மேலாண்மைக் கல்லூரிகளின் மூன்றாம் மாடியில் ஓர் இனம் வாழ்கிறது. அது வியாபாரம் செய்யாது. ஆனால் வியாபாரத்தைப் பற்றி அதற்குத் தெரியாதது எதுவும் கிடையாது. மனிதர்களை மனிதர்கள் என்று சொல்லாது. ‘அலகுகள்’ என்று சொல்லும். ஆய்வுப் பேராசிரியர் என்பது அதன் பெயர். நீங்கள் அவரைப் பார்த்திருக்கலாம். பார்த்ததில்லை என்றால் கவலை வேண்டாம், அவர் உங்களைப் பார்த்திருப்பார். ஏதோ ஓர் அட்டவணையின் ஏதோ ஒரு கட்டத்தில் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள்.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். எதைக் கேட்டாலும் ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ என்பதிலிருந்து ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை ஐந்து கட்டங்கள் அவர் மனத்தில் விரியும். முடிதிருத்துபவர் கழுத்தில் துணியைக் கட்டிவிட்டு, பக்கத்தில் கொஞ்சம் குறைக்கட்டுமா என்று கேட்டால், ஓரளவு உடன்படுவார். சாப்பாடு எப்படி என்று மனைவி கேட்டால், ஒரே ஒரு நாள் சாப்பாட்டை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது என்பார். அவர் எழுதும் கட்டுரைகளின் தலைப்பில் நடுவே ஒரு முக்காற்புள்ளி இருக்கும். அதற்கு முன்னால் வருவது யாருக்கும் புரியாது, பின்னால் வருவது அதை விளக்கப் பார்க்கும். பெட்டியிலிருந்து பெட்டிக்கு அம்பு பாயும் படம் ஒன்று கட்டாயம் இருக்கும். இரண்டு பொருளுக்கு நடுவே ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு’ தென்பட்டுவிட்டால் அன்று அவர் முகமே வேறு. கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: மேலும் ஆய்வு தேவை.

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இந்த இனத்தில் எனக்குத் தெரிந்த ஓர் ஆசாமிக்கு ஒரு மைத்துனர் உண்டு. மனைவியின் தம்பி. கல்லூரிக்கு இரண்டு தெரு தள்ளிச் சலவைக் கடை வைத்திருந்தார். நம்மவரின் சட்டைகள் பன்னிரண்டு வருடங்களாக அந்தக் கடையில்தான் வெளுத்தன. காலர் விறைப்பாக நிற்கும், பொத்தான் தளர்ந்திருந்தால் கேட்காமலே தைத்து வரும். ஒருநாள் எதிர்ச்சாரியில் கண்ணாடிக் கதவு போட்ட புதுச் சலவைக் கடை ஒன்று திறந்தது. எல்லாம் பாதி விலை. மைத்துனரின் கடையில் துணி மூட்டைகள் குறையத் தொடங்கின.

நம்மவர் அந்த வருடம் எடுத்துக்கொண்டிருந்த ஆய்வு என்ன தெரியுமா? எதிரே பெரிய கடை வந்தால் சின்னக் கடை என்ன செய்ய வேண்டும் என்பதுதான். ஊரில் அப்படி அகப்பட்ட அறுபது கடைகளைப் பிடித்தார். கணினியைக் குலுக்கிப் போடச் சொன்னார். முப்பது கடைகளுக்கு ஆலோசனை உண்டு. மற்ற முப்பதுக்கும் ஒன்றும் சொல்லக் கூடாது. என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும். அதற்கு ஒப்பீட்டுக் குழு என்று பெயர், ஆங்கிலத்தில் கன்ட்ரோல் குரூப். மைத்துனரின் கடைக்கு எண் நாற்பத்தேழு. அது ஒப்பீட்டுக் குழுவில் விழுந்தது.

ஆறே மாதத்தில் விடை தெரிந்துவிட்டது. விலையைத் தொடாமல், சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வேலையை முடித்துக் கொடுத்த கடைகள் நிமிர்ந்துவிட்டன. பயந்துபோய் விலையைக் குறைத்தவை ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டிருந்தன.

அந்த வாரம்தான் மைத்துனர் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்.

“அத்தான், எதிர்க்கடைக்காரன் மாதிரி நானும் பாதி விலைக்கு இறங்கிடட்டுமா? நீங்க இதைத்தானே ஆராய்ச்சி பண்றீங்க?”

நம்மவர் தட்டிலிருந்து நிமிரவில்லை. “அதை நான் உனக்குச் சொல்லக் கூடாது மாப்ளே.”

“ஏன், நான் யாருகிட்டப் போய்ச் சொல்லப்போறேன்?”

“நீ கன்ட்ரோல் குரூப்ல இருக்கே. உனக்குச் சொன்னா ஆய்வு கெட்டுப்போயிடும்.”

அது ஏதோ பெரிய பதவி என்று மைத்துனர் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். அக்காவைப் பார்த்துக் கொஞ்சம் பெருமையாகவே சிரித்தார்.

பிறகு இன்னும் இரண்டு முறை கேட்டார். ஒருமுறை கடை வாசலில், நம்மவரின் சட்டைகளை மடித்துக் கையில் கொடுத்தபடி. இன்னொரு முறை கல்லூரிக்கே வந்து, மூன்றாம் மாடி ஏறி, வாயால் சொல்ல வேண்டாம், தலையை மட்டும் ஆட்டுங்கள் போதும் என்றார். நம்மவர் தலை தானாக ஆடிவிடாதபடி இரண்டு கையாலும் மோவாயைப் பிடித்துக்கொண்டார். அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. வருத்தப்பட்டார். வருத்தத்துக்குப் படிவத்தில் இடம் இல்லை.

மைத்துனர் விலையைப் பாதியாகக் குறைத்தார். அதிலிருந்து ஐந்தாம் மாதம் கடையை மூடினார். எதிரே இருந்த கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போய் அங்கேயே தேய்ப்பு வேலைக்குச் சேர்ந்தார்.

நம்மவரின் கட்டுரைகளைப் பிழை பார்த்துக் கொடுப்பது மனைவியின் வழக்கம். இந்தக் கட்டுரையில் ஒன்பதாம் பக்கத்தில் இரண்டு வாக்கியங்களை அவர் திரும்பத் திரும்பப் படித்தார். ‘ஆய்வுக் காலத்தில் கடை எண் நாற்பத்தேழு மாதிரித் தொகுப்பிலிருந்து விலகிக்கொண்டது, இதனால் முடிவுகளுக்குப் பாதிப்பில்லை. ஒப்பீட்டுக் குழுவினர் வெளியாரின் ஆலோசனை எதையும் பெறாமலேயே முடிவெடுத்தனர்.’

“நாற்பத்தேழுங்கறது என் தம்பியா?”

“அடையாளத்தை வெளியிடறது ஆய்வு நெறி இல்லை.”

“மூணு தடவை உங்ககிட்ட வந்து கேட்டானே, அது இதுல எங்க இருக்கு?”

“கேட்டாங்களாங்கறதுக்குக் கட்டம் கிடையாது. கிடைச்சுதா இல்லையாங்கறதுக்கு மட்டும்தான்.”

அந்த அம்மாள் சண்டை போடவில்லை. ஓர் ஒற்றுப்பிழையைத் திருத்தி, தாள்களை அடுக்கி அவர் கையில் கொடுத்தார்.

கட்டுரைக்கு அந்த வருடத்தின் சிறந்த ஆய்வு என்று விருது கிடைத்தது. விழா நாள் காலையில் நம்மவர் அலமாரியைத் திறந்தார். தேய்த்த சட்டை ஒன்றுகூட இல்லை. கட்டில் அடியில் பார்த்தார், துணிக்கூடையில் பார்த்தார். தேய்ப்புப் பெட்டியையும் காணவில்லை.

“தேய்ப்புப் பெட்டி எங்கே இருக்குன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும்,” என்றார் மனைவி. “சொன்னா கெட்டுப்போயிடும்.”

விருது வாங்கும்போது எடுத்த படம் கல்லூரி வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. ஐந்து பேர் வரிசையாக நிற்கிறார்கள். நான்கு சட்டைகளுக்கும் ஐந்தாவது சட்டைக்கும் உள்ள வேறுபாடு குறிப்பிடத்தக்கது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களுக்கு மூன்றாம் மாடியில் அறை இல்லை, அம்பு பாயும் படம் போடத் தெரியாது, விருதும் யாரும் தரப்போவதில்லை. ஆனால் ஒன்று. உறவுக்காரர் ஒருவர் தவித்துப்போய் உங்களிடம் ஒன்றைக் கேட்டு, விடை உங்கள் நாக்கு நுனியிலேயே இருந்து, ‘நாம ஏன் தலையிடணும், என்னதான் ஆகுதுன்னு பார்ப்போமே’ என்று சும்மா இருந்ததுண்டா? உடனே பதில் சொல்ல வேண்டாம். முற்றிலும் மறுப்பவர் ஒன்று, முற்றிலும் உடன்படுபவர் ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மனத்துக்குள் மூன்று என்று தோன்றியதா? அப்படியானால் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, உங்கள் மைத்துனரின் கடை திறந்திருக்கிறதா என்று ஒரு நடை பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.